சேராத கால் எலும்புக்கு ஆக்சிஜன் அறை?

உங்கள் அண்ணனின் உடைந்த முழங்கால் கீழ் எலும்பு சேர, அழுத்த ஆக்சிஜன் அறைக்கு (அதிக அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை மூச்சிழுக்கும் அறை) அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அந்த அறை மட்டும் எலும்பைச் சேர்த்துவிடாது. 'ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஏறும்' என்று அந்த அறை நடத்துகிறவர்கள் சொன்னது பாதி உண்மை. 2 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ரத்தத்தில் கூடுவது சிடி34 என்ற வகை ஸ்டெம் செல்கள். அவை பெரும்பாலும் ரத்தம், ரத்தக்குழாய் பக்கம் போகிறவை. எலும்பு கட்டுவது மீசென்கைமல் என்ற ஸ்டெம் செல் வகை, அது வேறு கூட்டம்.

7 மாதமாகியும் சேரவில்லை, சிகரெட்டும் நிற்கவில்லை என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் சிகரெட் மேல்தான். எலும்பில் வைத்த பிளேட்டுக்கு அடியில் கிருமி இருந்தாலும் இப்படி இழுக்கும்.

40 அமர்வுக்குப் பணம் கட்டும் முன் சிடி ஸ்கேன், இஎஸ்ஆர், சிஆர்பி (கிருமி, அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), வைட்டமின் டி, சர்க்கரை எல்லாம் எலும்பு டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் அந்த அறைக்குள் போகவே கூடாது. சளியால் காது அடைத்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.