எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினால் சுயமரியாதை ஏன் ஆட்டம் காண்கிறது?

மேலாளர் கூட்டத்தில் திட்டியது நியாயமில்லை என்று தெரிந்தும் மனம் ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பலவீனமல்ல. பிறர் நம்மை ஏற்கிறார்களா என்று ஓயாமல் அளக்கும் மானிதான் தன்மதிப்பு என்கிறார் உளவியலாளர் மார்க் லியரி (1995). கிப்ளிங் வில்லியம்ஸ் குழுவின் 2004 ஆய்வில், திரையில் பந்தெறியும் விளையாட்டில் சில நிமிடம் பந்து வராமல் போனதற்கே பங்கேற்றவர்களின் தன்மதிப்பு இறங்கியது. எதிரே ஆடுவது வெறும் கணினி என்று சொல்லியிருந்தும்! ஆகவே முதல் அடி வலிக்கத்தான் செய்யும். அதைத் தடுக்கப் பார்ப்பது வீண்.

கெடுதல் அடுத்த கட்டத்தில். "அறிக்கையில் பிழை" என்றது "நான் எதற்கும் லாயக்கில்லை" என்றாகி இரவெல்லாம் ஓடும். பிறகு கூட்டத்தில் வாய் திறக்க மாட்டீர்கள். பேசாதவரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அன்றே, சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். வேலையைப் பற்றிய குறை எது, ஆளைப் பற்றிய ஏச்சு எது என்று பிரியுங்கள். குறையைத் திருத்துங்கள். ஏச்சுக்கு, கோபம் தணிந்ததும் தனியே இவ்வளவு போதும்: "சார், தப்பைச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். எல்லார் முன்னாடியும் அப்படிப் பேச வேணாம்." மேலே விளக்கிக்கொண்டே போனால் மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும். மறுபடி நடந்தால் தேதியிட்ட குறிப்புகளோடு மனிதவளத் துறைக்குப் போகலாம். "எப்பவும் திட்டுறார்" என்ற பொத்தாம்பொதுவான புகார் அங்கே நிற்காது.