பிரிட்டனில் நர்சிங் படிப்பு: நண்பர்களுக்கு நேரம் எங்கே?

தம்பி, செப்டம்பரில் இங்கே நர்சிங் சேர்ந்த நீங்கள் கேட்டது இதுதான்: பிளேஸ்மென்ட் (மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை பார்த்தே கற்கும் பயிற்சி) தொடங்கியதிலிருந்து ஹாஸ்டல் நண்பர்களைப் பார்க்கவே முடியவில்லை, கூப்பிட்டால் வராத ஆள் என்று பெயரும் வாங்கியாயிற்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கினால் படிப்பு கெடாது?

முதலில் அந்த வாரக் கணக்கை விடுங்கள். பதிவு பெற்ற நர்ஸ் ஆக என்எம்சி (இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு) கேட்பது 4,600 மணி நேரப் படிப்பும் பயிற்சியும். அதில் பாதி, அதாவது 2,300 மணி, பிளேஸ்மென்ட். அதைப் பெரும்பாலும் பல வாரங்கள் சேர்ந்தாற்போல பிளாக் பிளாக்காகப் போடுவார்கள். வகுப்பு நடக்கும் மாதங்களில் நீங்களும் மற்ற மாணவர்கள் மாதிரிதான். பிளேஸ்மென்ட் வந்தால் பாதி வேலைக்காரர். ஊர் சுற்றுவது, யாராவது வந்து தங்குவது, விளையாட்டுக் குழு எல்லாம் வகுப்பு மாதங்களுக்குப் போகட்டும். பிளேஸ்மென்ட்டில் வாரத்துக்கு ஒருமுறை யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். சமமாகப் பிரிக்கப் பார்க்கிறவர்கள்தான் இங்கே சீக்கிரம் களைத்துப் போகிறார்கள்.

பிளேஸ்மென்ட்டில் வரும் நீண்ட ஷிஃப்ட்டுக்கு லாங் டே என்று பெயர், காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கி இரவு ஏழரை, எட்டு வரை. வாரத்தில் மூன்று நான்கு நாள் அப்படிப் போனால் மீதி நாளெல்லாம் லீவுதானே என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த ஓய்வு நாட்களில் முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும். அடுத்தது செவ்வாய்க்கிழமையாக இருக்கும். உங்கள் ஹாஸ்டல் நண்பர்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் கூப்பிடும் சனிக்கிழமை நீங்கள் வார்டில். இதில் யார் மேலும் தப்பில்லை, நேரம்தான் பொருந்தவில்லை. அதனால் ஆஃப் டியூட்டி கைக்கு வந்த அன்றே (இங்கே ஷிஃப்ட் அட்டவணைக்கு அதுதான் பெயர், வேடிக்கைதான்) உங்களுக்கு ஓய்வு இருக்கும் தேதிகளை நண்பர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் கூப்பிடும்வரை காத்திருந்தால் பதில் எப்போதும் 'முடியாது' என்றுதான் வரும். முக்கியமான நாள் ஏதாவது இருந்தால், அட்டவணை போடும் முன்பே சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பல வார்டுகளில் ஒரு நாளை மாற்றித் தருவார்கள். சொல்லாமல் மட்டம் போடாதீர்கள். விட்ட மணி நேரத்தைப் பின்னால் ஈடு செய்தே ஆக வேண்டும், அது பெரும்பாலும் விடுமுறையைத்தான் தின்னும்.

நம் தமிழ்க் குடும்பங்களின் அழைப்பு தனிக் கதை. பிறந்தநாள், சடங்கு, சங்கத்தின் பொங்கல் விழா என்று வார இறுதி முழுக்க ஏதாவது இருக்கும். ஒரு தடவை போகாவிட்டால் 'படிக்கிற பிள்ளைக்குத் தலைக்கனம்' என்று பேச்சு வரும். வரட்டும். நைட் டியூட்டி என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வீடு இரண்டு இருந்தால் போதும், அந்த இரண்டு வீட்டை விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் படுத்தால் ரசம் கொண்டு வருபவர்கள் அவர்கள்தான்.

உங்கள் செட்டில் (உங்களோடு நர்சிங் சேர்ந்தவர்கள்) இருப்பவர்களோடு எவ்வளவு பழகுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆஸ்கி தேர்வுக்கு (நர்ஸ் வேலையைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) தனியாகப் படித்துப் பலனில்லை. ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும், ஒருவர் நர்ஸாக நிற்க வேண்டும், ஒருவர் மார்க் தாளை வைத்துக்கொண்டு கை கழுவினாயா, பெயரும் பிறந்த தேதியும் கேட்டாயா என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் இதைச் செய்தால் படிப்பும் ஆயிற்று, சிரிப்பும் ஆயிற்று. அப்புறம், வார்டில் முதல் மரணத்தைப் பார்த்துவிட்டு வரும் நாளில் ஹாஸ்டல் நண்பரிடம் என்ன சொல்வீர்கள்? நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் வெளியே பேசக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் கூடக் கூடாது. பெயர் எதுவும் சொல்லாமலே உங்கள் மனநிலையைப் புரிந்துகொள்வது அதே வேலை பார்க்கும் ஆள்தான். அவர்கள் போதாது என்று தோன்றினால் பெர்சனல் டியூட்டரிடம் (உங்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒதுக்கிய ஆசிரியர்) போங்கள். அதற்காக மார்க்கைக் குறைக்க மாட்டார்கள்.

கடைசியாக, கேர் ஹோமில் (முதியோர் போன்றவர்களைப் பராமரிக்கும் இல்லம்) சம்பள வேலை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் டெர்ம் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பில் கட்டாயமான பிளேஸ்மென்ட் அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒரே வாரத்தில் சம்பளத்துக்கு இரண்டு லாங் டே எடுத்தால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், அது விசாவுக்கே ஆபத்து. நர்சிங்குக்கு மற்றப் படிப்புகள் மாதிரி நீண்ட விடுமுறையும் கிடையாது, வேலை எடுக்கும் முன் டெர்ம் தேதிகளைப் பாருங்கள். வகுப்பு மாதங்களில் வாரம் ஒரு ஷிஃப்ட் எடுங்கள். பிளேஸ்மென்ட்டில், பண நெருக்கடி இல்லை என்றால், எதுவும் வேண்டாம்.