ரப்பர் ஊரில் கட்டைக்கால்

கேள்வி: கண்ணிவெடியில் காலை இழந்த வீரர், கட்டைக்காலுடன் மறுபடி ராணுவத்தில் பணியாற்ற முடியுமா? மனஉறுதி இருந்தால் போதும் என்கிறார் என் நண்பர். (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு ‘கட்டைக்கால்’ என்று எழுத உமக்கு எப்படி ஐயா மனசு வந்தது? சுற்றிலும் ரப்பர் தோட்டம்! ஜெய்ப்பூர் பாதம் என்கிற செயற்கைப் பாதத்தில் குதிகாலும் முன்பாதமும் ரப்பர். கட்டை என்று பார்த்தால் கணுக்காலில் ஒரு துண்டு, அதில் ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்து ரப்பரில் பொதிந்து, அச்சில் வைத்து வேகவைத்து எடுப்பார்கள். வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணம் போடலாம். நாமோ பால் வெட்டி, ஷீட் அடித்து, புகைபோட்டு லாரியில் ஏற்றிவிட்டு, விலை இறங்கிப் போச்சு என்று சாயாக்கடையில் ஒப்பாரி வைப்போம்.

கேட்டதற்கு வருகிறேன். முடியும். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே குக்ரி என்ற கூர்க்கா கத்தியால் வெட்டிக்கொண்ட இந்திய ராணுவ அதிகாரி இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார்.

ஆனால் உம் நண்பரின் மனஉறுதி சாக்கெட்டுக்குள், அதாவது மிச்சக் காலைச் செருகும் செயற்கைக் காலின் கூட்டுக்குள், நுழையாது. வெட்டியபின் மிஞ்சும் கால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் மத்தியானம் லொடலொடக்கும்; கால் உள்ளே இறங்கி எலும்புமுனை அடியில் இடிக்கும். அப்போது இன்னொரு காலுறை சேர்த்துப் போட வேண்டும். கழற்றினால் தெரியும் சிவப்புத் தடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையாவிட்டால், நடையை நிறுத்திவிட்டு சாக்கெட்டைத் திருத்தக் கொடுப்பதுதான் வழி. ‘வைராக்கியமாக’ நடந்தால் புண்தான் மிச்சம். காலைக் கழற்றியிருக்கும் நேரத்தில் மிச்சக் காலில் கிரேப் பேண்டேஜை 8 வடிவில் சுற்ற வேண்டும்: நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. வட்டமாகச் சுற்றினால் நுனி வீங்கும். முட்டிக்கு அடியில் தலையணை சுகமாகத்தான் இருக்கும். முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தக் காலை வைத்தும் நிமிர்ந்து நடக்க முடியாது.

பிறகு ராணுவத்தின் மெடிக்கல் போர்டு. ‘ஷேப்’ (SHAPE) என்கிற உடல்தகுதித் தரவரிசையில் ‘ஏ’ எழுத்து கைகால்களுக்கு. ஒன்று என்றால் எங்கும் போகலாம். எண் ஏற ஏற வேலை மேசைப் பக்கம் நகரும். ஐந்து விழுந்தால் வீடு.

அந்த வீட்டில்தான் அடுத்த கண்ணிவெடி: குளியலறையில் வழுவழு டைல்ஸ். குளிக்கச் செயற்கைக் காலைக் கழற்றியாக வேண்டும். ரப்பர் புஷ் வைத்த ஸ்டூல் ஒன்று, சுவரில் பிடிகம்பி ஒன்று, சொரசொரப்பான தரை. டைல்ஸ் கடைக்காரர்கள் தாராளமாகத் திட்டி எழுதலாம்.