அறிவியல் புனைகதையில் முந்துவது எது: கண்டுபிடிப்பா, கற்பனையா?

இரண்டும் மாறி மாறி முந்தும். இதற்கு அணுவின் வரலாறே நல்ல சான்று. வேதியியலாளர் ஃபிரெடரிக் சாடி 1909-இல் ரேடியம் பற்றி ஒரு நூல் எழுதினார். அணுவுக்குள் பெரும் ஆற்றல் பூட்டிக் கிடக்கிறது என்பது அதன் சாரம். அதைப் படித்த எச். ஜி. வெல்ஸ், 1914-இல் வெளியான 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலில் அணுகுண்டைக் கொண்டுவந்தார். இயற்பியலாளர் லியோ சிலார்ட் அந்த நாவலை 1932-இல் படித்தார். மறு ஆண்டே நியூட்ரான் தொடர்வினை அவர் மனதில் உதித்தது: ஓர் அணுவிலிருந்து வெளிவரும் நியூட்ரான் துகள்கள் அடுத்தடுத்த அணுக்களைத் தாக்கி, ஆற்றலை விடுவித்துக்கொண்டே போகும். 1934-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

வெல்ஸின் குண்டு நொடியில் முடியாது, நாள்கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும். அவருக்குத் தெரிந்தது, அணுக்கள் தாமாகவே சிறுகச் சிறுகச் சிதைந்து ஆற்றலை வெளிவிடும் கதிரியக்கச் சிதைவு மட்டுமே. நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1932-இல்தான்.

நீங்கள் எழுதுவதானால் ஒரே ஒரு கண்டுபிடிப்பை எடுங்கள், அதன் எண்ணை மீறாதீர்கள். செவ்வாயிலிருந்து ரேடியோ அலை பூமிக்கு வரச் சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கிருந்து உதவி கேட்பவருக்குப் பதில் கிடைக்க 6 நிமிடமாவது வேண்டும், சில மாதங்களில் 44 வரை போகும். அந்த இடைவெளியில் முடிவெடுப்பது யார்? கதை அங்கேதான் இருக்கிறது. உடனுக்குடன் பேசவைத்தால் முடிச்சே அவிழ்ந்துவிடும்.