மார்ச் மாதக் கணக்கைக் காணோம்

கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் கம்ப்யூட்டர் பக்கம் தாவிய கதையைப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், பை நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் டோம்பிவிலி, கல்யாண், முலுண்ட். மும்பையின் சென்ட்ரல் ரயில் லைன் தமிழர்கள் மொத்தமாக வேலையை விடப்போகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த இதழ் அவர்களுக்கே.

அக்கா, எனக்கு 32 வயது. பி.காம். அந்தேரியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பத்து வருடமாக அக்கவுண்ட்ஸ். பையன் ஒன்றாம் வகுப்பு. ஆன்லைனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்பு படித்து வேலை மாற ஆசை. ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஒன்பது மாதப் படிப்பு, இரண்டேகால் லட்சம், மாதத் தவணை, வேலைக்கு உத்தரவாதம் என்று தினமும் போன் செய்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, டோம்பிவிலி கிழக்கு

சேராதீர்கள். அடுத்த முறை போன் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன பேட்ச்சில் எத்தனை பேர் ஃபெயில்?" யாருமே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேயே போனை வைத்துவிடலாம்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. 2015இல் தாணேயில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு மாதம் ஐயாயிரமாக எட்டுத் தவணை கட்டினேன். சனிக்கிழமைதோறும் சார் திரையில் டைப் அடிப்பார், நாங்கள் முப்பது பேரும் பார்த்து அடிப்போம். ப்ரோகிராம் ஓடும். எல்லாருக்கும் தங்க பார்டர் போட்ட சான்றிதழ். முதல் இன்டர்வியூவில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஓர் எண்ணைத் திருப்பிப் போடும் ப்ரோகிராம் எழுதச் சொன்னார்கள். மனப்பாடத்திலிருந்து எழுதினேன், சார் வழக்கமாக விடும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் உட்பட. எதிரே இருந்தவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

அப்புறம்தான் என்.பி.டி.இ.எல். பக்கம் போனேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து ஆன்லைனில் பாடம் நடத்துவது. பாடம் கேட்க இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம், அதையும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேற 40 மதிப்பெண். எனக்கு 37. அழுகை வரவில்லை, ஒருவித நிம்மதிதான் வந்தது. உனக்கு இது தெரியாது என்று கடைசியில் யாரோ ஒருவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்களே!

இரண்டாம் முறை படிக்கும்போது ஆபீஸ் சில்லறைச் செலவுக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதத்தைக் கூட்ட, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன ப்ரோகிராம். லெட்ஜரோடு ஒப்பிட்டால் 18,640 ரூபாய் குறைகிறது. நம் கணக்கு ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், வகுபடவில்லை. இலக்கங்கள் முன்பின்னாக மாறியிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும்; ஆக, அந்தத் தவறு இல்லை. பற்றை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதால் பாதியாக்கினேன், 9,320க்கு எந்தப் பதிவும் இல்லை, பற்றும் வரவும் மாறவில்லை. இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் மாவு அரைக்கும்போது பொறி தட்டியது: மார்ச் மாதச் செலவே 18,640தான். பைத்தானில் 1, 12 என்று ரேஞ்ச் கொடுத்தால் அது பதினொன்றோடு நின்றுவிடும், கடைசி எண்ணைச் சேர்க்காது. மார்ச்சையே விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறது. 12ஐ 13 ஆக்கினேன். டேலி ஆனது. கிரைண்டரை அப்புறம்தான் நிறுத்தினேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த வேலை முக்கால்வாசி இதுதான். கணக்கு டேலி ஆகாத நாளில் உங்களுக்கு எரிச்சல் மட்டும் வருமா, அல்லது சாப்பாட்டை மறந்து தேடுவீர்களா? உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தேடுகிற ஆள் என்றால், முதலில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு என்.பி.டி.இ.எல். பாடம் எடுத்துத் தேர்வு எழுதுங்கள். தேறிய பிறகு எம்.சி.ஏ. என்கிற கம்ப்யூட்டர் முதுநிலைப் பட்டம். அது இப்போது இரண்டு வருடம்தான். பி.காம். படித்தவர்கள் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள், அதோடு விட்டுப்போன அடிப்படையை நிரப்பச் சில பிரிட்ஜ் பாடங்களும் முடிக்கச் சொல்வார்கள். மார்க் ஷீட்டைத் தேடி எடுங்கள். இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்துகிறது, வேறு பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அதன் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் வாங்கிய பட்டமும் நேரில் போய் வாங்கியதும் சமம் என்று யு.ஜி.சி.யே சொல்லியிருக்கிறது. யாராவது தபாலில் பி.டெக். தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள்; பொறியியலை அஞ்சல் வழியில் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது.

கணிதமே படிக்கவில்லையா? ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டம் இருக்கிறது. வயது வரம்பு இல்லை. இளநிலைதான், இன்னொரு முறை முதலிலிருந்தா என்று தோன்றும். ஆனால் நாலு வாரம் படிக்கவைத்து, நேரில் தேர்வு வைத்து, தேறினால்தான் உள்ளேயே விடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

நேரம்? நான் பாடத்தை இரவே போனில் இறக்கிவைத்து, ரயிலில் லேடீஸ் பெட்டியில் பார்ப்பேன், பார்சிக் சுரங்கத்தில் நெட்வொர்க் போய்விடும் என்பதால். நீங்கள் காட்கோபரில் இறங்கி மெட்ரோ பிடிக்கிற ஆள், உட்கார இடம் கிடைத்தால் அதுவரைதான். கேட்பதற்கு ரயில் போதும். எழுதிப் பழக வீட்டில் மேஜையும், பையன் தூங்கின பிறகு ஒன்றரை மணி நேரமும் வேண்டும். அந்த ஒன்றரை மணிக்கு யார் பாத்திரம் கழுவுவது என்பதை வீட்டுக்காரரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. 2019இல் எனக்குக் கிடைத்த முதல் வேலையில் பழைய சம்பளத்தைவிட ஏழாயிரம் குறைவு. அதுவும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி, அவர்களுக்குப் பற்று வரவு தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அதனால் கிடைத்தது. பத்து வருட அக்கவுண்ட்ஸை ரெஸ்யூமேயில் ஒளிக்காதீர்கள்.

பி.இ. மெக்கானிக்கல், 27 வயது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நடத்தும் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். அசல் பட்டம்தானா? வேலையை விடாமல் முடிக்கலாமா?
— வாசகர், செம்பூர்

அசல்தான் தம்பி. 2014 ஜனவரியில் தொடங்கியது. அட்லாண்டா வளாகத்தில் உட்கார்ந்து படித்தவருக்கும் உங்களுக்கும் ஒரே பட்டம், அதில் 'ஆன்லைன்' என்று போட மாட்டார்கள். பத்துப் பாடம், மொத்தம் ஏறக்குறைய 7,000 டாலர். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, இழுக்க இழுக்கச் செலவு கூடும். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வேண்டும். பருவத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், ஆறு வருடம் வரை விடுகிறார்கள். ஆகவே வேலையை விட வேண்டியதில்லை.

வாசல் அகலம், உள்ளே படி செங்குத்து. முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களிலாவது 'பி' வாங்க வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தகவலை அடுக்கிவைக்கும் முறைகள், தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். 10,000 டாலருக்கு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்துவதும் அப்படித்தான். வேறு துறைக்காரர்களுக்கென்றே அமைத்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஐ.டி. என்ற முதுநிலைப் படிப்பு; ஆனால் செலவு இவற்றைவிடப் பல மடங்கு.

நீங்கள் முதலில் என்.பி.டி.இ.எல்.லில் மாதவன் முகுந்த் எடுக்கும் பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தைப் போடுங்கள். சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்காரர், எட்டே வாரம். அது வியர்க்க வைத்தால் அட்லாண்டா ஒரு வருடம் காத்திருக்கட்டும். அப்புறம், இந்தப் பட்டத்தோடு அமெரிக்க விசாவோ வேலை அனுமதியோ ஒட்டிக்கொண்டு வராது. பெண் பார்க்கிற இடத்தில் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

பத்தாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. பிறகு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மருந்து கம்பெனி லேபில் வேலை. ஆங்கிலத்தில் பாடம் கேட்டால் பாதி போய்விடுகிறது. எனக்கு இது ஒத்துவருமா?
— வாசகி, தாராவி

வரும். பல என்.பி.டி.இ.எல். பாடங்களின் பேச்சைத் தமிழில் எழுத்தாகவே கொடுத்திருக்கிறார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோவைப் பாருங்கள். பயமுறுத்துவது பெரும்பாலும் சிவப்பில் வருகிற எரர் வரிகள்தான், அவை திரும்பத் திரும்ப அதே இருபது முப்பதுதான். நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்திருந்தேன். நேம் எரர்: நீ சொல்கிற பேரில் இங்கே யாரும் இல்லை. இன்டென்டேஷன் எரர்: வரியை உள்ளே தள்ளி எழுது. இன்டெக்ஸ் எரர்: பத்து இலை போட்ட பந்தியில் பதினோராவது இலைக்குப் பரிமாறப் போகிறாய். இரண்டு மாதத்தில் நோட்டு தேவைப்படவில்லை.

லேப் வேலையை விடாதீர்கள். அங்கே மெஷின் கொடுக்கும் ரீடிங்கை யாரோ எக்செல்லில் கையால் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முதல் ப்ரோகிராம் அதுவாக இருக்கட்டும்.

என் மகன் பேங்க் வேலையை ராஜினாமா செய்துவிட்டு கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்கிறான். இனிமேல் ஏ.ஐ.யே எல்லாம் எழுதிவிடும் என்கிறார்களே, இதைப் படித்து என்ன பயன்?
— ஒரு தகப்பனார், முலுண்ட்

ராஜினாமாவைத் தடுங்கள் சார், படிப்பைத் தடுக்காதீர்கள். நான் தினமும் ஏ.ஐ.யிடம்தான் எழுதி வாங்குகிறேன். போன மாதம் வரி தாமதமானால் போடும் 18 சதவீத வட்டிக்கு ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்கிக் கூட்டியிருந்தது; நாங்கள் கேட்டது கூட்டிவிட்டு முழு ரூபாயாக்கச் சொல்லி. நாலு ரூபாய் வித்தியாசம். பார்த்ததும் எனக்கு உறுத்தியது, பக்கத்து சீட் பையனுக்கு உறுத்தவில்லை. அந்த உறுத்தலுக்குத்தான் சம்பளம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், புதியவர்களை முன்பு போல அள்ளி எடுப்பதில்லை. எங்கள் ஐரோலி ஆபீஸில் போன வருடம் எடுத்தது இரண்டே பேர். அதனால்தான் சொல்கிறேன், பேங்க் சம்பளம் வந்துகொண்டே இருக்கட்டும்.

எந்த லேப்டாப் வாங்கலாம்?
— மூன்று பேர், மூன்று ஊர்

எட்டு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் இருந்தால் எதுவும். என்னுடையது 2016இல் லாமிங்டன் ரோட்டில் பதினோராயிரத்துக்கு வாங்கிய பழசு. ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டேன். 'எம்' கீயைக் கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். எம்.சி.ஏ. முழுக்க அதிலேயே முடிந்தது. பில் கேட்டு வாங்குங்கள், சார்ஜரைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.