முதுகில் ஒரு பூனைக்குட்டி

கேள்வி: வீட்டுப் பூனை வரும் பழைய கார்ட்டூன்களில் உங்கள் மனதைத் தொட்டது எது?

பதில்: சக் ஜோன்ஸ் இயக்கிய ‘ஃபீட் தி கிட்டி’ (1952). மார்க் ஆன்டனி என்ற முரட்டு புல்டாக், ஒரு கறுப்புப் பூனைக்குட்டிமேல் உயிரையே வைத்துவிடுகிறது. தூங்குவதற்கு முன் குட்டி அதன் முதுகை நகத்தால் பிசையும். நாய் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும். பூனை வளர்ப்பவர்களுக்கு அந்த வலி தெரியும்!

அப்புறம், குட்டி பிஸ்கட் மாவில் சிக்கிவிட்டது என்று நம்பி நாய் ஜன்னலோரம் நின்று அழுகிறது. எஜமானி பூனை வடிவ பிஸ்கட் ஒன்றை நீட்டுகிறார். அதைத் தின்னாமல், நடுங்கும் கையால் முதுகில் வைத்துக்கொள்கிறது. நாய்க்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது; எல்லாவற்றையும் முகமே சொல்லிவிடுகிறது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியமாகப் பாருங்கள்.