இந்தப் புத்தகம் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

‘படிக்க நல்ல புத்தகமே கிடைப்பதில்லை’ என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் அது இரண்டு வரியில் முடிகிற விஷயமில்லை என்று புரிகிறது. பல ஆண்டுகள் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான், இதைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். எனவே இந்த முறை முழுக்க முழுக்கப் புத்தகம்.

*

கேள்வி: ‘வாழ்நாளில் கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ போன்ற பட்டியல்களை எங்கே பார்த்தாலும் சேமித்து வைத்துக்கொள்வேன். கைப்பேசியில் இப்போது இருநூறு பெயருக்கு மேல் இருக்கிறது. அதிலிருந்து ஏழெட்டுப் புத்தகங்கள் வாங்கியும்விட்டேன். ஒன்றில்கூட முப்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா, புத்தகங்களிடமா?

பதில்: உங்களிடமும் இல்லை, புத்தகங்களிடமும் இல்லை. பட்டியல் போட்டவருக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு இருபது நிமிடம் மட்டும் படிக்கக் கிடைப்பவரா, விடுமுறை நாளில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்காதவரா, போன மாதம் வேலை போனவரா, புதிதாகக் கல்யாணம் ஆனவரா, எதுவும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன பெயர்கள் அவை. அந்த இருநூறையும் அழிக்கச் சொல்லவில்லை, அப்படியே இருக்கட்டும், ஆனால் அங்கேயிருந்து தொடங்காதீர்கள்.

உங்களை அறியாமல் ஒரே மூச்சில் படித்த புத்தகம் ஒன்றாவது இருக்கும். பள்ளிக்கூட நாளில் படித்ததாக இருக்கலாம், மெலிசான துப்பறியும் கதையாக இருக்கலாம், யாரிடமும் சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றாகக்கூட இருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள். அதை மறுபடி கையில் எடுத்து, கதையை விட்டுவிட்டு மற்ற பக்கங்களைப் பாருங்கள். முன்னுரையில் ஆசிரியர் யாருக்கு நன்றி சொல்கிறார், யாரைப் படித்து வளர்ந்ததாகச் சொல்கிறார்? மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் யார், அவர் வேறு என்னென்ன கொண்டுவந்திருக்கிறார்? (மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்வது அருமையான வழி. பிடிக்காத புத்தகத்தை மொழிபெயர்க்க மாதக்கணக்கில் மல்லுக்கட்ட யாருக்கும் மனசு வராது.) கட்டுரை நூல் என்றால் கடைசியில் துணைநூல் பட்டியல் இருக்கும். ஒருவர் ஒரு விஷயத்தில் பல வருடம் மூழ்கிக் கிடந்து தேர்ந்தெடுத்த பெயர்கள் அவை, உங்கள் கைப்பேசியில் இருக்கும் பட்டியலைவிட எவ்வளவோ மேல்.

பக்கத்தில் நூலகம் இருந்தால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அடுக்கில் உங்களுக்குப் பிடித்த நூலுக்கு இடமும் வலமும் இருப்பவற்றைப் பாருங்கள். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் தசம வகைப்பாடு இன்றும் உலகெங்கும் எத்தனையோ நூலகங்களில் புழங்குகிறது, அதன் பயனே ஒரே பொருளைப் பேசும் நூல்கள் ஒரே எண்ணின் கீழ் அக்கம்பக்கமாக நிற்பதுதான். கட்டுரை நூல்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். கதைகளுக்கு அவ்வளவாகச் செய்யாது, ஏனென்றால் 894.811 என்ற தமிழ் இலக்கிய எண்ணின் கீழ் சிரிக்க வைப்பதும் அழ வைப்பதும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.

இரண்டாவது, பிறர் திருப்பித் தந்த புத்தகங்களை அடுக்குக்குப் போகும் முன் போட்டு வைத்திருக்கும் தள்ளுவண்டி. பழகின வாசகர்கள் உள்ளே வந்ததும் நேராக அங்கேதான் போவார்கள். யாரோ ஒருவர் தேடி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த புத்தகங்கள் அல்லவா? பின்னட்டையின் உட்புறம் தேதிச்சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் ஒரு முத்திரை, அப்புறம் நீண்ட வெற்றிடம், திடீரென்று இந்த ஆண்டு அடுத்தடுத்து நான்கு முத்திரைகள் என்று இருந்தால், ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார் என்று நான் ஊகிப்பேன். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் எடுக்காமல் விட்டதே இல்லை.

*

கேள்வி: என்னைப் புரட்டிப் போட்ட ஒரு நாவலை என் அண்ணனுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது பேருந்துச் சீட்டு ஒன்று பன்னிரண்டாம் பக்கத்தில் செருகி இருந்தது. ‘நல்லா இருந்துச்சு’ என்றும் சொன்னார். எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. இனி யாருக்கும் புத்தகம் சிபாரிசு செய்யக்கூடாது என்று நினைக்கிறேன்.

பதில்: அந்தப் பேருந்துச் சீட்டைப் பார்த்து உங்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முடிவுக்குப் போய்விடாதீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

வாரம் தவறாமல் வரும் ஓர் அம்மா ஒருநாள் மேசைக்கு முன்னால் நின்று, “மனசே சரியில்லைம்மா, நல்லதா ஏதாவது குடு” என்றார். நான் அந்த வாரம்தான் ஒரு நாவலை முடித்துக் கண்கலங்கிப் போயிருந்தேன், அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது, சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை நூலகம் திறந்ததும் வந்து மேசையில் வைத்தார். “முதல் அத்தியாயத்துலயே அம்மா செத்துப்போறாங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மா தவறி இருபது நாள்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏன் மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் என் புத்தகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன், எதிரே நின்றவரைப் பார்க்கவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

நம் நாட்டு நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். முதலில் படித்தபோது ஒன்றையே திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா வந்து போன பிறகுதான் இரண்டும் வேறு வேறு வேலை என்று விளங்கியது. நான் செய்தது மூன்றாவது வேலை, கையில் இருந்த நூலுக்கு ஆள் பிடித்தேன். அவர் வந்தது இரண்டாவதற்காக.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன ஒரு கருத்து எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. ஒரு புத்தகத்துக்குள் போக நான்கு வாசல்கள் இருக்கின்றன என்பார் அவர்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. ஒவ்வொருவரும் பெரும்பாலும் ஒரு வாசல் வழியாகவே நுழைவோம். நீங்கள் மொழி வாசலில் நுழைபவராக இருக்கலாம், ஒரு வாக்கியத்தை நாலு தடவை படித்து ரசிப்பவராக இருக்கலாம். அண்ணன் ‘அடுத்து என்ன ஆச்சு’ என்று கேட்பவர் என்றால், பன்னிரண்டு பக்கம் மழையையே வர்ணித்துக்கொண்டிருக்கும் நாவலில் அவர் எங்கே காலை வைப்பார்?

அவருடைய வாசல் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அவர் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறாரா? ‘அந்த மாமனார் வேஷத்துல நடிச்சவன் அப்படியே நம்ம சித்தப்பா மாதிரி’ என்று ஆளைப் பற்றியே பேசுகிறாரா? ‘அந்த ஊரையும் அந்த மலையையும் பாத்துட்டே இருக்கலாம்’ என்கிறாரா? வசனத்தைச் சொல்லிக் காட்டுகிறாரா? புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் மனிதர்கள் கொஞ்சம் விறைத்துக்கொள்கிறார்கள், படத்தைப் பற்றி உள்ளது உள்ளபடி பேசுவார்கள்.

கொடுக்கும்போது ‘அருமையான புத்தகம், படிச்சே ஆகணும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது சுமை. எப்படிப்பட்ட புத்தகம் என்று இரண்டு வரி சொல்லுங்கள். ‘முதல் ஐம்பது பக்கம் மெதுவாப் போகும், அப்புறம் ஒரு வழக்கு வரும், அங்கேருந்து வைக்க முடியாது’ என்றால் அவருக்குத் தெம்பாக இருக்கும். ‘பிடிக்கலைன்னா தயங்காம திருப்பிக் குடு’ என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் ‘படிச்சியா’ என்று கேட்காமல் இருங்கள். அண்ணன் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொன்னது உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான், அதையும் யோசித்துப் பாருங்கள்.

*

கேள்வி: எனக்கு வயது 68. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைத்தால் குற்ற உணர்வாக இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் முடித்தே தீர வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை ஐயா. மேலே சொன்ன நான்சி பேர்லே இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயதுவரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வரும் பக்கங்களைப் படித்தால் போதும். உங்களுக்கு 32 பக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பெனாக்கும் 1992-ல் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று எழுதினார், அதில் மூன்றாவது, முடிக்காமல் விடும் உரிமை. அவர் பல காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிள்ளைகள் புத்தகத்தை வெறுப்பதை நேரில் பார்த்துவிட்டு எழுதியது அது. நீங்கள் பாதியில் வைத்த புத்தகம் இன்னொருவரின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கப் போகிறது, அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து வாங்கி ஏமாந்துபோகிறேன். நாலரை நட்சத்திரம் வாங்கிய புத்தகம்கூட எனக்குப் பிடிப்பதில்லையே, ஏன்?

பதில்: சராசரியை வைத்துப் புத்தகம் தேடாதீர்கள். ஒரு தொடரின் ஐந்தாம் பாகத்துக்கு மதிப்பெண் போடுபவர்கள் யார்? முதல் நாலு பாகமும் பிடித்துப் போனவர்கள்தானே. பிடிக்காதவர்கள் முதல் பாகத்திலேயே இறங்கிப் போயிருப்பார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள், அதிலும் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை. எது நன்றாக இருந்தது, எங்கே தொய்ந்தது என்று நிதானமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ‘ரொம்ப மெதுவா நகருது, ஒண்ணுமே நடக்கலை’ என்று ஒருவர் குறைப்பட்டதைப் படித்துவிட்டு, இது எனக்கான புத்தகமாயிற்றே என்று வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு புத்தகங்கள் பிடித்துப்போன ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள், அவர் வேறு என்ன படித்தார் என்று பாருங்கள். இணையம் தானாக நீட்டும் ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்பது வாங்கியதைத்தான் சொல்கிறது, படித்ததை அல்ல. மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள், ஆகவே இயன்றால் பத்துப் பதினைந்து பக்கம் தள்ளிப் படித்துப் பாருங்கள்.

*

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. ஒரே படக்கதைத் தொடரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். நல்ல புத்தகம் பக்கம் எப்படித் திருப்புவது?

பதில்: படிக்கிறான் அல்லவா, விடுங்கள். திரும்பப் படிப்பதும் பெனாக் சொன்ன பத்து உரிமைகளில் ஒன்று. அவன் கையிலிருந்து பிடுங்காமல், அவன் தொடரை நீங்கள் ஒன்று எடுத்துப் படித்துவிட்டு அதைப் பற்றி அவனிடம் பேசுங்கள். அவன் எந்த இடத்தில் சிரிக்கிறான் என்று தெரிந்தால் அடுத்தது என்ன கொடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

*

கேள்வி: உடல்நிலை காரணமாக வெளியே போக முடிவதில்லை. வீட்டிலிருந்தே தமிழ் நூல்கள் படிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மைக்கேல் ஹார்ட் 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இதற்கு முன்னோடி. தமிழுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடைவரை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் விக்கிமூலத்தையும் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடியும் என்பதால் படுத்துக்கொண்டே படிப்பவர்களுக்கு வசதி. கண் ஒத்துழைக்காத நாட்களுக்கு ஒலிநூல் கேளுங்கள், கேட்பதும் படிப்புதான்.

*

கேள்வி: இவ்வளவு நீட்ட வேண்டாம். எனக்கு ஒரே ஒரு புத்தகத்தின் பெயர் சொல்லுங்கள், போதும்.

பதில்: சொல்கிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் பெயரைத் தவிர உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே. மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள். கடைசியாகக் கீழே வைக்க முடியாமல் படித்தது எது, எதைப் பாதியில் வைத்தீர்கள், ஒரு நாளில் எப்போது எவ்வளவு நேரம் படிக்கக் கிடைக்கிறது. இப்போது மனசு எப்படி இருக்கிறது என்பதையும் விருப்பம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் உங்களுக்கென்று ஒரு பெயர் இருக்கும்.